இனி அவசரம் இல்ல

மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சும்மா சொல்லவில்லை. சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் லயம் என்கிற கூலிக் குடியிருப்பில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய் வண்டி ஓட்டப் பழகியவன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு என் பெயரில் மூன்று ஜீப் ஓடுகின்றன. கொச்சியிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் வருகிற குடும்பங்களை மலை முழுக்கச் சுற்றிக் காட்டி, அவர்கள் பாஷையிலேயே கதை சொல்லிச் சிரிக்க வைத்து இறக்கிவிட்டிருக்கிறேன். “சேட்டன் கோட்டயத்துக்காரனாணோ?” என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை என்று நான் சொன்னதில்லை. நினைத்துக்கொண்டு போகட்டும் என்று ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவேன்.

அந்த மலையாளம்தான் எங்கள் எடைக்கொட்டகையை இடிக்க வைக்கப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் திருத்தி எழுதுகிறாள். ஆனால் ஒரு இடத்தில்கூட என்னை நல்லவனாகக் காட்ட அவளை நான் விடவில்லை.

எங்கள் ஊர் வளைவில் அந்தக் கொட்டகை இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை, நடுவில் தராசு தொங்கிய இரும்புக் கொக்கி. பெண்கள் பறித்த கொழுந்தை அங்கேதான் நிறுத்தார்கள். பிறகு கம்பெனி அந்த இடத்தைக் கைவிட்டது, அது சர்க்கார் நிலமானது, பூட்டியே கிடந்தது. கடைசி சூப்பர்வைசர் போகும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் அத்தனை பேர் இருக்க, என் கையில். நான் அதில் பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்தேன்.

என் அக்கா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னாள்.

“வாரவன் போறவன் எல்லாம் தேயிலை எப்படி வந்துச்சுன்னு கேக்கான். கம்பெனி மியூசியத்துல துரை ஓட்டுன மோட்டார் சைக்கிளைக் காட்டுதாங்க, மெஷினைக் காட்டுதாங்க. நம்ம கூடை எங்கலே? நம்ம கை எங்க?”

மறுநாள் அவளே என் டயர்களை வெளியே உருட்டிவிட்டு, தன் கூடையைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தாள். அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு, மழைக்குப் போர்த்திய கம்பளி, செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி, அட்டைப்பூச்சிக்கு உப்பு முடிந்து காலில் தட்டிக்கொள்ளும் துணிப்பொட்டலம், பெயர் போட்ட பழைய சம்பளச் சீட்டு. ஒருத்தி சூப்பர்வைசர் மறந்துவிட்டுப் போன கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அவன் குடை நமக்கு எதுக்குடி?” என்றாள் இன்னொருத்தி.

“இருக்கட்டும். குடை ஒண்ணுதான், அது அவனுக்கு. மழை எல்லாருக்கும்னு எழுதி மாட்டிருவோம்.”

இப்படித்தான் எங்கள் மியூசியம் ஆரம்பித்தது. போர்டுகூட வைக்கவில்லை. அதற்குள், கொட்டகையை இடித்துச் சமன் செய்து டூரிஸ்ட் வண்டிகள் நிறுத்த இடம் போடப்போகிறார்கள், ஒரு காண்ட்ராக்டர் எடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. உடனே கமிட்டி போட்டோம். தலைவர் நான்தான். வேறு யார்? ஆபீஸில் போய் வாய் திறந்து பேச ஆள் வேண்டாமா?

வக்கீல் விஷயத்தில்தான் எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை. இல்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் சட்ட உதவி மையம் ஒன்று இருக்கிறது, அங்கே மனுக் கொடுக்கலாம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஓசியில் ஒரு வாய் டீ குடித்தவன் இல்லை நான்.

“ஓசி வக்கீல் ஓசி வேலைதான் பாப்பான்” என்றேன்.

“உன் ஜீப்பை வித்து வக்கீல் வையேன், நாங்க வேண்டாங்கலையே” என்றாள் அக்கா. டீக்கடைக்காரர் சிரிப்பை மறைக்கப் பால் சட்டிக்குள் குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கீழ்நாட்டு மலையாளி. கட்சிக்காரர்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்தவர். வளைவுகளில் தலைசுற்றி, வந்ததும் டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். ‘இவரா நம்மைக் காப்பாற்றப் போகிறார்’ என்று நினைத்தேன். ஆனால் எழுந்ததும் அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. கொட்டகைக்கு எத்தனை வருடமாக யார் பூட்டுப் போடுகிறார்கள், எந்தெந்தப் பெண் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தாள், யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு கூடையையும் தொட்டுப் பார்த்து, இது யாருடையது என்று எழுதிக்கொண்டார். அக்காவின் கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “அம்மோ” என்று கழற்றி வைத்தார். பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

போகும்போது கேட்டார். “ஆபீஸிலிருந்து கடிதமோ போனோ வந்தா எனக்கு அன்னைக்கே சொல்லணும். யாரோட நம்பர் கொடுக்கலாம்?”

“என் நம்பர்தான்” என்றேன்.

“சேட்டன் மலையாளம் வாயிப்பீங்களா?”

வாசிப்பீர்களா என்று கேட்கிறார். அத்தனை பெண்கள் நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“பின்னே?” என்றேன்.

தமிழையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மலையாளத்தில் ஒரு எழுத்து தெரியாது. இது என் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே சர்க்கார் முத்திரை, கீழே சீல், நடுவில் மலையாளம். மழை அதன் ஒரு ஓரத்தை நனைத்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் கிழித்து ஜீப்பில் போட்டுக்கொண்டேன். வக்கீலம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் ‘என்ன எழுதியிருக்கு, படிச்சீங்களா’ என்று கேட்டால்? முதலில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு பிறகு தெரிந்த மாதிரியே சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு நானே போன் போட்டேன். எங்கள் மலையில் சிக்னல் எப்படி என்று வந்தவர்களுக்குத் தெரியும். வளைவில் ஏறி, பாறைமேல் நின்று, தலையைச் சாய்த்துக்கொண்டு பேச வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்தது, அடுத்து என்ன செய்ய என்று என் பெரிய மலையாளத்தில் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். நடுவே காற்று. “வியாழா...” என்றார், விட்டுப்போனது. “...கழிஞ்ஞா...” என்றார், மறுபடி விட்டுப்போனது. கடைசி வார்த்தைகள் மட்டும் மணிபோலக் கேட்டன.

“...இனி அவசரமில்ல, கேட்டோ சேட்டா.”

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. “ஆயிக்கோட்டே சாரே” என்று வைத்துவிட்டு, நேராக டீக்கடைக்குப் போனேன்.

“இனி அவசரம் இல்லையாம். ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க” என்றேன்.

அக்கா கூடையில் பிய்ந்த பிரம்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “இடிக்கப் போறோம்னு சொன்னவன், அவசரம் இல்லைன்னு சொல்வானாலே?”

“நீ மலையாளம் பேசுனியா, நான் பேசுனேனா?”

“தலைவர் பேசுனா சரியாத்தான் இருக்கும்” என்றார் டீக்கடைக்காரர். கிண்டலா நிஜமா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வட்டவடைக்குப் போய்விட்டேன். மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பூண்டு எடுக்கிற சமயம். சம்பந்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆபீஸையே நான் எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று இரண்டு நாள் கதை சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வருகிறேன். வளைவில் கொட்டகைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு ஜேசிபி நிற்கிறது.

பிரேக்கை எப்போது மிதித்தேன் என்று தெரியாது. ஆபரேட்டர் தேனிப் பக்கத்து ஆள். இயந்திரத்தின் நிழலில் சப்பணமிட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, எங்க வேலை?”

“இந்தக் கட்டடம்தாண்ணே. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க. உள்ள யாரோ சாமான் போட்டு வச்சிருக்காங்களாம். எடுக்கச் சொல்லிருங்கண்ணே, பாவம்.”

பாறைமேல் ஏறி நின்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை தவறான ஆளுக்குப் போனது. அவர் எடுத்ததும் முதல் கேள்வி, “நோட்டீஸ் எப்போ வந்தது?”

“இப்பத்தான்.”

“போட்டோ அனுப்புங்க.”

அனுப்பினேன். சிக்னல் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

“இதில் போன சனிக்கிழமை தேதி. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வியாழாழ்ச்ச வரைக்கும் சமயம். நேற்று முடிஞ்சுபோச்சு, சேட்டா.”

“ஆபீஸ்ல அவசரம் இல்லைன்னு சொன்னாங்கம்மா. நானே கேட்டேன், என் காதால. அதான் வட்டவடைக்குப் போயிட்டேன்.”

“என்ன சொன்னாங்க? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அவர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“மலையாளத்தில அவசரம்னா நீங்க தமிழ்ல சொல்ற வேகம், தெறுதி இல்லை. சான்ஸ். வாய்ப்பு. வியாழாழ்ச்ச கழிஞ்சா இனி சான்ஸ் இல்லைன்னு சொல்லியிருக்கார்.”

பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஜீப்பில் ஏறுகிறவன் சான்ஸ் என்றால் சான்ஸ் என்றுதான் சொல்வான். வேகம் போகச் சொல்வான், தெறுதி உண்டு என்பான். அவசரம் என்ற சொல்லை ஒருவனும் என் வண்டிக்குள் கொண்டுவந்ததில்லை. அது காகிதத்தில் இருக்கிற சொல். காகிதத்துக்கும் எனக்கும் என்ன பழக்கம்?

கீழே பெண்கள் ஜேசிபியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய், “வக்கீலம்மா நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை அந்தச் சுவர் விழுந்தால், அதைத் தள்ளியது ஜேசிபி இல்லை, நான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அக்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னேன், இறங்கவில்லை. சட்ட உதவி அறை ஒரு சின்ன மாடியில். ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, டைப் அடிக்க ஒரு பெண். வக்கீலம்மா எங்களுக்கு முன்பே வந்து காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

“ஒரே ஒரு வழி இருக்கு” என்றார். “மேல் ஆபீசரிடம் இன்னைக்கே மனு. தமிழ் ஆட்கள் வசிக்கிற இடத்தில் மலையாளத்தில் மட்டும் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதைப் பெற்ற கமிட்டித் தலைவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அதனால் தேதி தவறிப்போச்சு. மறுபடி தமிழில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கணும், அதுவரை இடிக்கக் கூடாது. நீங்க சத்தியவாங்மூலம் ஒப்பிடணும்.”

சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு அப்படித்தான் பேர். ஒப்பிடுவது என்றால் கையெழுத்துப் போடுவது.

“யாருக்கு மலையாளம் தெரியாது?” என்றாள் அக்கா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வக்கீலம்மா போனிலேயே ஊகித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

“எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு எழுதுங்கம்மா” என்றேன்.

“டாக்டர் சர்டிஃபிக்கெட் கேட்பாங்க. வட்டவடையில் உங்களைப் பார்த்த ஆட்கள் எத்தனை பேர்? எதிர்ப்பக்கம் ஒருத்தரைக் கூட்டிவந்தா கேஸ் அங்கேயே தீர்ந்தது. எனக்கும் பொய் எழுத மனசில்லை. உள்ளதுதான் நம்ம கையில் இருக்கிற ஒரே பலம்.”

“வாசிக்கத் தெரியாது” என்றேன் கடைசியில். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. “ஒரு எழுத்தும் தெரியாது. போன்ல சொன்னதும் தப்பா விளங்கிட்டேன்.”

அக்கா பெஞ்சில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஆஸ்பத்திரியில, ரேஷன் கடையில, எங்க போனாலும் நீ சும்மா இரு, உனக்கு மலையாளம் தெரியாதுன்னு என் வாயை அடைச்சியேலே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தத் தாளைத் தூக்கிட்டு நடந்தே வந்திருப்பேனே.”

டைப் அடிக்கிற பெண் விரலை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

பத்திரத்தை வக்கீலம்மா தமிழில் படித்துக் காட்டினார். “எனக்கு மலையாளம் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. பேச்சு மலையாளம் ஓரளவு மட்டும் தெரியும்.”

“ஓரளவா?” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. “நல்லாத் தெரியும்னு போடுங்கம்மா. பேச்சுக்கு மட்டும்.”

“ஒப்புப் போடுலே” என்றாள் அக்கா.

போட்டேன். தமிழில், என் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக.

ஆபீசர் மதியம் கேட்பதாக ஒத்துக்கொண்டார். வரிசையில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஏழு தடவை தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். காண்ட்ராக்டர் பக்கத்திலிருந்து அவருடைய மேனேஜர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைல். அவரை நான் இரண்டு தடவை என் ஜீப்பில் ஏற்றியிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வழி முழுக்க என் மலையாளத்தைக் கேட்டவர்.

உள்ளே போனதும் அவர் சொன்னது அதைத்தான். இந்த ஆளுக்கு மலையாளம் தெரியாது என்பது பச்சைப் பொய், எங்களைவிட நன்றாகப் பேசுவார், ஊருக்கே தெரியும்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “மலையாளம் அறியுமோ?”

என் வாய்க்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழக்கம். ‘பின்னே அறியாதே’, தெரியாமல் என்ன, என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“பேசுவேன் சார். வாசிக்கத் தெரியாது.” தமிழில்தான் சொன்னேன்.

அவர் பைலிலிருந்து அதே நோட்டீஸின் நகலை எடுத்து என் பக்கம் தள்ளினார். தமிழிலேயே கேட்டார், நல்ல தமிழ். “அவசரம்ங்கிற வார்த்தை இதில் எங்கே இருக்கு? காட்டுங்க.”

வாசலில் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் காகிதத்தின் மேல் குனிந்தேன். எல்லா எழுத்தும் வட்டம் வட்டமாக, சுருண்ட அட்டைப்பூச்சி மாதிரி இருந்தன. ஒன்றையாவது சரியாகக் காட்டிவிட மாட்டோமா என்றுதான் அந்த நிமிடத்திலும் என் புத்தி போனது. காட்டினால் கொட்டகை போய்விடும் என்பதுகூட மறந்துவிட்டது. இரண்டு மூன்று தடவை வந்திருந்த ஒரு சொல்லைப் பார்த்தேன். அதுதான் முக்கியமாக இருக்கும், அதுவே இருக்கும் என்று விரலை வைத்தேன்.

மேனேஜர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது உங்க ஊர் பேர்” என்றார் ஆபீசர்.

அந்தப் பெயரை பஸ் போர்டில், கைகாட்டியில், தினமும் பார்க்கிறேன். நான் பஸ்ஸை நிறத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறவன். வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆபீசர் ஏதோ எழுதினார். உத்தரவு திங்கட்கிழமை கிடைக்கும் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். என்ன உத்தரவு என்று சொல்லவில்லை. வக்கீலம்மா வராந்தாவில் என்னிடம், “நல்லாச் செஞ்சீங்க” என்றார். எதை நல்லாச் செய்தேன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு கவலை. ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. ஜேசிபி கிளம்புவது எட்டு மணிக்கு.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே பெண்கள் கொட்டகைக்குள் போய் அவரவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா கொக்கிக்கு நேர் கீழே. நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். சனிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். ஆபரேட்டர் ஏறி இஞ்சினைப் போட்டார். தகரக் கூரை அதிர ஆரம்பித்தது.

“உத்தரவு வருது சார், கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

“வரட்டே. பத்து மணி வரை பார்க்கலாம்” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. ஒருத்தி கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து எல்லாரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பத்தேகால். நான் பாறைக்கும் கொட்டகைக்கும் நடந்தபடியே இருந்தேன். பத்தரை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆபரேட்டருக்குக் கையைக் காட்டினார். அப்போது என் போன் அதிர்ந்தது. வக்கீலம்மா அனுப்பிய போட்டோ. சீல், கையெழுத்து, நடுவில் முழுக்க மலையாளம். அவருக்குப் போன் போட்டேன். போகவில்லை. மறுபடி போட்டேன். சிக்னல் அவ்வளவுதான்.

அந்த இடத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், மேனேஜர்.

கீழே ஓடிப் போய் போனை அவரிடமே நீட்டினேன். “படிங்க சாரே. எனக்குப் படிக்கத் தெரியாது.”

அவர் வாங்கிக்கொண்டார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே தள்ளினார், மேலே தள்ளினார். அவர் என்ன சொன்னாலும் நான் நம்பித்தான் ஆக வேண்டும். பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார்.

“வண்டி எடு!”

இயந்திரம் ஒரு குலுங்கு குலுங்கியது. மண்வாரி தரையிலிருந்து எழும்பியது. அக்கா வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். மண்வாரி எங்கள் தலைக்கு மேல் ஒரு நொடி நின்றது. பிறகு வண்டி பின்னால் போனது. பீப் பீப் என்று அடித்துக்கொண்டு, ரோட்டில் ஏறி, மூக்கைத் திருப்பி, வளைவில் இறங்கியது.

“என்ன எழுதியிருக்கு?” என்று அக்கா மேனேஜரிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

“நோட்டீஸ் தமிழில் கொடுத்து, உங்க எல்லாரையும் கேட்டு முடிக்கிற வரை தொடக் கூடாதுன்னு” என்றார் அவர் ஏறக்குறையத் தமிழில். “ஆனா இது தற்காலிகம், அம்மா. கேட்டுட்டு இடிக்கவும் சொல்லலாம்.” ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

பெண்கள் கூடைகளைக் கீழே வைக்கவில்லை. அந்த வார்த்தையிலேயே நின்றார்கள். இடிக்கவும் சொல்லலாம். அரைமணி கழித்து வக்கீலம்மாவுக்கு லைன் கிடைத்தது. வேலை செய்த ஒவ்வொரு பெண்ணும் தன் கதையைத் தானே வந்து சொல்ல வேண்டும், தமிழிலேயே சொல்லலாம், ஒருத்திக்காக இன்னொருத்தி பேச வேண்டாம், சேட்டனும் பேச வேண்டாம் என்றார்.

நான் அதை அப்படியே சொன்னேன், கடைசி வரி உட்பட. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் சேரும்போது எனக்குப் பதினாறு வயசு” என்று ஆரம்பித்தாள். “என்னக்கா, எங்ககிட்டயா சொல்லுத?” என்றாள் ஒருத்தி. “சொல்லிப் பாக்கேன்டி. அங்க போயி நாக்கு ஒட்டிக்கிட்டா?” என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.